குவோ வீட்டு வாசல் விளக்கு

அன்பு மகன் ஹாய்லினுக்கு,

உன் அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா சௌக்கியம். நான் இதை எழுதுகிற நிமிஷம் வரைக்கும் உயிரோடு இருக்கிறேன், ஏன் இப்படி ஆரம்பிக்கிறேன் என்று போகப் போகத் தெரியும். சாம்பியாவில் ரோடு போடும் நீ நன்றாக இருக்க வேண்டும், ஆனால் ரொம்பவும் நன்றாக இருந்துவிடாதே, உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. போனில் பேசினால் உன் அம்மா காதைக் கொண்டுவந்து நீட்டுவாள், என் போனை என்னைவிட அவள்தான் அதிகம் பார்க்கிறாள், அதனால்தான் லீவு முடிந்து திரும்புகிற உன் கூட்டாளி கையில் இந்தக் காகிதம். பஸ் டிப்போ கேண்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆயுசெல்லாம் ஸ்டியரிங் பிடித்த கை, எழுத்து வளைந்துதான் போகும், மலை ரோடு என்று நினைத்துப் படித்துக்கொள்.

போன கோடையில் உன் பெண்டாட்டி யூசியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாத்தோங்கில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போனது உனக்குத் தெரியும். மருந்துக் கடை வேலைக்குப் போகிறேன் என்றாள் அவள், மருமக மருந்து வித்துத்தான் இந்த வீட்டுல அடுப்பு எரியணுமான்னு கேட்டாள் உன் அம்மா, நீ போனில் அவளுக்கும் சரி என்றாய் இவளுக்கும் சரி என்றாய். ரெண்டு பக்கமும் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு நடுரோட்டில் நிற்கிற டிரைவரை நான் பார்த்ததில்லை, பெற்றிருக்கிறேன். புத்தாண்டுக்கும் யூசியா வரவில்லை. அப்போதுதான் உன் அம்மாவுக்கு யோசனை வந்தது. முதல் மாசம் பதினைந்தாம் நாள் விளக்குத் திருவிழா அன்றைக்குக் கல்யாணமான பெண் பிறந்த வீட்டு விளக்கைப் பார்த்தால் மாமனார் செத்துப்போவான் என்பது நம் பக்கத்துப் பேச்சு, அன்னிக்கு நாம போய் நின்னா அவங்க பொண்ணை அனுப்பித்தான் ஆகணும், கிளம்புங்கன்னாள். என் சாவைத் துப்பாக்கி மாதிரி தூக்கிக்கொண்டு அவள் ரயிலேறினாள், பின்னாடியே பையைத் தூக்கிக்கொண்டு நான்.

ஸ்டேஷனுக்குச் சம்பந்தி குவோ புதுக் காரைக் கொண்டுவந்தார். ஒரு பழைய பஸ் டிரைவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வழியெல்லாம் ஹாரன் மட்டும்தான் ஓட்டினார். எப்படி சம்பந்தி வண்டின்னு கேட்டார், வண்டி நல்ல வண்டி, பாவம்ன்னேன். அதுக்கப்புறம் ஹாரன் இன்னும் பலமாகக் கேட்டது. வீட்டில் சம்பந்தியம்மா எள்ளுப் பூரணம் வைத்த மாவு உருண்டையைக் கிண்ணத்தில் போட்டு, நல்லா சாப்பிடுங்க, உங்க ஊர்ல இந்த மாதிரி எள்ளு எங்க கிடைக்கப்போவுதுன்னாள். உன் அம்மா ஒன்றைக் கடித்துவிட்டு, ஆமா, இப்படிச் சீனியைக் கொட்டினா எள்ளு எதுக்குன்னாள். உடனே உன் அம்மா துப்பாக்கியை எடுத்தாள், இருட்டறதுக்குள்ள யூசியா எங்களோட கிளம்பட்டும், இவரு உசிரு இருக்கணுமா வேணாமான்னு கேட்டாள். சம்பந்தியம்மா பதறவே இல்லை. இருக்கணும்தான், அதான் தெருமுனை லாட்ஜ்ல அவளுக்கு ரூம் போட்டாச்சு, ஜன்னலே இல்லாத ரூம், ஒரு பொட்டு வெளிச்சம் தெரியாது, காலைல வந்துடுவா, உங்க வீட்டுக்காரரு நூறு வருஷம் இருக்கட்டும்ன்னாள். உன் அம்மா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பழைய சோபாவைத் தெருவில் போடுவதா வைத்துக்கொள்வதா என்று பேசுகிற மாதிரி என்னைப் பற்றிப் பேசினார்கள், ஒருத்தரும் சோபாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. யூசியா மட்டும் பையோடு போகும்போது, மாமா, வெளியே குளிரு, தொப்பி போட்டுக்கோங்கன்னு சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் குவோ வீட்டு வாசலில் சிவப்பு விளக்குகள் ஏற்றினார்கள், தெரு நடுவே நிலக்கரியைக் கோபுரமாக அடுக்கிக் கொளுத்தினார்கள். நெருப்பைச் சுற்றி வந்தால் நல்லது அல்லவா, உன் அம்மாவும் சம்பந்தியம்மாவும் சேர்ந்து நடக்கப் பிடிக்காமல் ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றினார்கள், அதனால் ஒவ்வொரு சுற்றிலும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு முறைத்தார்கள். உன் பெண் தௌதௌ சக்கரம் வைத்த காகித முயல் விளக்கை இழுத்துக்கொண்டு நின்றாள், அவளும் அவள் அம்மாவும் சேர்ந்து ஒட்டியது. அம்மா எங்கேன்னு அழுதவளிடம், அம்மா நம்ம வீட்டு விளக்கைப் பாத்தா தாத்தா செத்துடுவாரு கண்ணு, அதான் ஒளிஞ்சிருக்கான்னு சம்பந்தியம்மா சொல்லிவிட்டாள். குழந்தை அழுகையை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தது. தாத்தா, நீங்க செத்துட்டா அம்மா விளக்குப் பாக்கலாமான்னு கேட்டது.

அவ்வளவுதான் ஹாய்லின். முயலையும் குழந்தையையும் இழுத்துக்கொண்டு லாட்ஜுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். சாகப்போறது நான், எனக்கே பயமில்லை, மத்தவங்களுக்கு என்னம்மா பயம், வான்னேன். யூசியா கட்டிலில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். வேணாம் மாமா, நாளைக்கு உங்களுக்கு ஒரு தும்மல் வந்தாலும் என் தலையிலதான் விழும்ன்னாள். தும்மலை அடக்கிக்கறேன் வான்னேன். அவள் பிறந்த வீட்டு வாசலுக்கு வந்து நிமிர்ந்து விளக்கைப் பார்த்தாள், தௌதௌ கைதட்டியது, அந்தத் தெருவில் சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் அதுதான். கையில இருந்த ஒரே கயிறையும் அறுத்துட்டீங்களே, இனி எதைச் சொல்லி அவளைக் கூப்பிடுவேன்னு உன் அம்மா. லாட்ஜ் போட்டு நாங்க மரியாதை காப்பாத்தினா, எம்பொண்ணுக்குக் கொலைப்பழி வாங்கிக் குடுக்கறீங்களான்னு சம்பந்தியம்மா. சம்பந்தி குவோ அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, நல்லா பாத்துக்கோங்க, இவரேதான் கூட்டிட்டு வந்தாருன்னு சாட்சி வைத்தார். நான் முட்டாள் என்கிற ஒரு விஷயத்தில் ரெண்டு குடும்பமும் முதல் தடவையாக ஒத்துப்போனது. மறுநாள் யாரும் காரை எடுக்கவில்லை, ஸ்டேஷனுக்கு நடந்தே போனோம், உன் அம்மா ரோட்டின் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

கிளம்பும்போது யூசியா வாசலில் வைத்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மாமா, விளக்குக்குப் பயந்தும் வரமாட்டேன், அத்தை வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன், உங்களுக்காக வரணும்னு தோணுது, அது போதாது. அவர் வந்து நிக்கட்டும், நான் வேலைக்குப் போறதுக்குச் சரின்னு அத்தை எதிர்ல என் பக்கத்துல நின்னு சொல்லட்டும். வசந்தத்துல முன்னோர் கல்லறை கூட்டற நாள் வரைக்கும் பாப்பேன், அதுக்கப்புறம் தௌதௌவை இங்கயே பள்ளிக்கூடத்துல சேர்த்துடுவேன். இதை அவள் கத்திச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சாவைவிட.

உன் அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை, நூடுல்ஸ் கிண்ணம் மேஜைமேல் விழுகிற சத்தம்தான் எங்கள் பேச்சுவார்த்தை. ஆனால் விடிகாலையில் என் மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்க்கிறாள், மூச்சு இருந்தால் திரும்பவும் முறைத்துக்கொண்டு எழுந்து போகிறாள்.

கொசுவலைக்குள் படு, தண்ணீரைக் காய்ச்சிக் குடி. நோய்நொடி இல்லாமல் உன் பெண்டாட்டி பிள்ளையோடு ஒரே கூரையின் கீழ் நீ இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன், திட்டினதையும் வாழ்த்தோடு சேர்த்துக்கொள். வரும்போது ஒரு சாமானும் வேண்டாம், வாயைத் திறந்து ஒரு பக்கம் பேசத் தெரிந்த நாக்கை மட்டும் கொண்டுவா. லீவு கிடைக்காது என்று சொல்லாதே. அப்பா சாகக் கிடக்கிறார் என்று உன் மேனேஜரிடம் சொல், பொய் இல்லை, மருமகள் பிறந்த வீட்டு விளக்கைக் கண்ணாரப் பார்த்துவிட்டாள், தாத்தோங்கில் ஒரு தெருவே சாட்சி. அவனும் நம் ஷான்சிக்காரன்தானே, இதைக் கேட்டுவிட்டு லீவு தராமல் இருக்க அவனுக்குத் தைரியம் வராது.

இன்னும் சாகாத உன் அப்பா,
சியாவ் ஷுன்டே