ஞாயிறு பூசையில் அப்பாவின் பெயர்

இராயபுரம்
19 ஜூன் 2024

என் ஷிஜி அக்காவுக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். மணியடித்தால் சாப்பாடு, மணியடித்தால் தூக்கம். நான்தான் நலமாக இல்லை. அம்மா தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னைப் போல் பயிற்சியில் இருக்கும் நவகன்னியர்கள் போன் பேசக் கூடாது என்று உங்கள் மடத்தில் வைத்திருக்கும் சட்டத்தை இன்றுதான் முதல்முறையாகத் திட்டவில்லை. இதை வீட்டுப் போனில் சொல்லவே முடியாது. வரும் கடிதங்களை மடத்துத் தலைவி மதர் பிரித்துப் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும். வணக்கம் மதர். நீங்கள் திண்டுக்கல்லில் இருக்கிறீர்கள், அம்மா இங்கே இருக்கிறாள், அது போதும்.

அக்கா, அப்பா ஆபீசுக்குப் போவதில்லை.

நேற்று காலை திருவொற்றியூரில் எங்கள் ஸ்கூல் பஸ் நெரிசலில் நின்றது. பக்கத்தில் ஒரு லோடு ஆட்டோ. பின்னால் மீன் கூடைகளும், கூடைகளுக்கு நடுவே மூன்று நான்கு பெண்களும். ஓட்டுகிற இடத்தில் காக்கிச் சட்டையில் அப்பா. காலையில் நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த நீலச் சட்டை அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கொக்கியில் தொங்கியது. எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன்.

ஒரு அம்மா என்னைப் பார்த்து, “இன்னா பாப்பா, அப்டி மொறைக்கிற? மீனு கண்ணடிச்சிச்சா?” என்றாள். அப்பா திரும்பினார். என்னைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

சாயங்காலம் அதே நீலச் சட்டையில், சோப்பு வாசனையோடு வந்தார். “ஆபீஸ்ல இன்னிக்கும் வேலையா?” என்று அம்மா கேட்டாள். “ஆமா” என்றார். என் பக்கம் பார்க்கவில்லை.

உனக்கு எழுதாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். போன டிசம்பரில் ஒருநாள் குளியலறைக் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. கதவைத் தள்ளினேன். அப்பா ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார். போனைத் துண்டில் சுற்றி வாளிக்குள் வைத்திருந்தார். அது உள்ளேயே அடித்துக்கொண்டிருந்தது. எண்ணூர் சாலையில் லாரிகள் மாட்டிக்கொண்டால், கன்டெய்னர் போய்ச் சேருவதற்குள் கப்பல் கிளம்பிவிட்டால், சரக்கு அனுப்புகிற அந்த ஆபீசில் எல்லாத் திட்டும் அப்பாவுக்குத்தானே? “ஒண்ணுமில்ல பெனி, இந்தக் கப்பல் போயிடட்டும்” என்றார்.

அதனால்தான் பயமாக இருக்கிறது. அம்மாவுக்குத் தெரிந்தால் வால்டர் மாமாவுக்குத் தெரியும். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே மாமாதான். திரும்பவும் அங்கேயே கொண்டுபோய் விட்டுவிடுவார். அப்புறம் அந்த வாளி.

பதிலை என் தோழி இஷ்ரத் வீட்டு முகவரிக்குப் போடு. பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

உன் பெனி


திண்டுக்கல்
27 ஜூன் 2024

என் செல்லத் தங்கச்சிக்கு,

ஆண்டவர் உன் பயத்தைப் பாதியாக்கி மீதியை எனக்குத் தரட்டும். உன் கடிதத்தை மதர் படித்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார்கள். ராத்திரி உணவில் எனக்கு மட்டும் ஒரு வாழைப்பழம் கூட வைத்தார்கள்.

நீ அம்மாவிடம் எதுவும் சொல்லாதே. அப்பாவிடமே கேள். ஆபீசில் சேர்ந்த பிறகு அவர் ஒரு கிறிஸ்மஸ் பூசையிலாவது முழுசாக நின்றிருக்கிறாரா? போனைக் காதில் வைத்தபடி கோயில் வாசலுக்குப் போய்விடுவார். அவரை இனி யாரும் கூப்பிடாத இடத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. இங்கே உட்கார்ந்துகொண்டு நான் என்னதான் செய்ய முடியும்? வேண்டிக்கொள்கிறேன். சாப்பிடாமல் படுக்காதே.

அன்பு அக்கா ஷிஜி


இராயபுரம்
5 ஜூலை 2024

அக்கா,

அப்பாவே பேசினார். சனிக்கிழமை டியூஷன் வாசலில் அந்த வண்டியோடு நின்றார். மீன் கூடைக்கு அருகில் பார்த்தேனே, அந்த அம்மாவும் இருந்தாள். பெயர் மங்கம்மா. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, மீஞ்சூர் வரைக்கும் கொண்டுபோய் விற்கிறாள்.

“உங்க நைனாவா? தங்கமான மன்சன். ஆனா வண்டி ஓட்றாரு பாரு, நடந்து போறவன் முந்திகினு போறான். லாரிக்காரன் ஆரன் அட்ச்சா இவுரு சாரி சொல்றாரு. கூடைய எறக்கசொல்லோ என்னிய மேடம்ன்றாரு. பொறந்ததுலேர்ந்து எவன் கூப்ட்டான் என்னிய மேடம்னு?” என்றாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

மங்கம்மா இறங்கிப் போன பிறகு சொன்னார். ஈஸ்டருக்கு முன்பே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாராம். வந்த பி.எஃப். பணத்திலிருந்து சம்பளம் மாதிரியே அம்மா கணக்கில் போடுகிறார். “மீனக் கொண்டு போய் எறக்கிட்டா வேல முடிஞ்சுது பெனி. மீன் ராத்திரில போன் பண்ணாது. கிறிஸ்மஸ் வரைக்கும் டைம் குடு, அம்மாகிட்ட நானே சொல்லிடுறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத” என்றார்.

நான் சரி என்றேன். உன்னிடம் சொல்லிவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அக்கா, நீயும் யாரிடமும் சொல்லக் கூடாது. வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் தவறிக்கூட ஒரு வரி வந்துவிடக் கூடாது. அப்பா இப்போதெல்லாம் ராத்திரி குறட்டை விடுகிறார். அம்மா திட்டுகிறாள். எனக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வருகிறது.

பெனி


திண்டுக்கல்
16 ஜூலை 2024

என் பெனிக்குட்டிக்கு,

அப்பாவின் குறட்டைக்கு ஸ்தோத்திரம்! படித்துச் சிரித்து, சிற்றாலயத்தில் மாட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு ஒரு வரியும் எழுத மாட்டேன். ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. நம் கோயிலின் பங்கு ஃபாதருக்கு எழுதி, அப்பாவின் புது வேலைக்காக ஒரு நன்றிப் பூசை வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஏதாவது ஒரு வார நாளில், காலைப் பூசையில் போதும் என்று கேட்டிருக்கிறேன். அந்த நேரத்துக்கு நம் வீட்டிலிருந்து யார் போகப் போகிறார்கள்? என்ன வேலை என்றும் எழுதவில்லை. அக்கா உன்னோடு இருக்கிறேன் என்று தெரிந்துகொள்.

ஷிஜி


இராயபுரம்
2 ஆகஸ்ட் 2024

அக்கா,

உன் கடிதம் திங்கட்கிழமை இஷ்ரத் கையில் வந்தது. பூசை அதற்கு முந்தின நாளே முடிந்துவிட்டது. வார நாளில் இல்லை. ஞாயிறு எட்டு மணிப் பூசை.

நீ இந்தப் பங்கிலிருந்து மடத்துக்குப் போன பெண். ஃபாதருக்கு உன்மேல் எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாதா? பூசை தொடங்கும் முன் மைக்கில் வாசித்தார். “நம் பங்கின் மகள் ஷிஜி மடத்திலிருந்தும் தன் தகப்பனாரை மறக்கவில்லை. திரு. சாலமோன் அவர்கள் ஆபீஸ் வேலையை விட்டு, மனதுக்கு அமைதி தரும் புது வேலையைத் தொடங்கியதற்கு நன்றியாக இந்தப் பூசை ஒப்புக்கொடுக்கப்படுகிறது.” எல்லாரும் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பாட்டு தொடங்கியது. அம்மா மட்டும் எழுந்து நிற்கவில்லை.

பூசை முடிந்ததும் அப்பாவுக்குக் கைகொடுக்க ஆட்கள் வந்தார்கள். “எந்தக் கம்பெனி சார்?” என்று கேட்டார்கள். அப்பா எல்லாருக்கும் தேங்க்ஸ் தேங்க்ஸ் என்று மட்டும் சொன்னார். வால்டர் மாமா பைக்கில் சாய்ந்தபடி, “சொல்லுங்க அத்தான், எனக்கும் தெரியட்டும். என்ன வேல?” என்றார். “மீன் வண்டி ஓட்டுறேன்” என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்து அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். அடுப்பைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: “கோயில் முழுக்க கைகொடுத்துச்சு, நான் எதுக்குன்னு தெரியாம உட்கார்ந்திருந்தேன். ஒரு பிள்ள மடத்துக்குப் போயிட்டா. நீங்க மீன் வண்டிக்குப் போயிட்டீங்க. நான் எங்க போக? சின்னவள யாரு படிக்க வைக்க? ரிட்டையர் ஆகிற வரைக்கும் பல்லக் கடிச்சிட்டு இருக்க முடியாதா உங்களால?” எனக்கு அம்மாமீது கோபம்கூட வரவில்லை.

மாமா ஆபீசில் பேசிவிட்டார். பழைய பதவி இல்லை. ராத்திரி ஷிப்ட்டாம், பகலிலும் போன் வரும். வியாழக்கிழமை அப்பா திரும்பவும் ஆபீசுக்குப் போய்விட்டார். காக்கிச் சட்டையை மடித்து என் அலமாரியில் வைத்திருக்கிறார். கிளம்பும்போது, “அக்காகிட்ட நீதான் சொன்னியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “சரி, விடு” என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

இன்று காலை பஸ்ஸிலிருந்து அந்த வண்டியைப் பார்த்தேன். வேறு ஒருவன் ஓட்டினான். மங்கம்மா என்னைக் கண்டுகொண்டாள். “பாப்பா! நைனாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா? இவனோட பேஜாரா கீது, வரச் சொல்லு!” நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சாயங்காலம் ஸ்கூலிலிருந்து வந்தபோது, ஷிப்ட்டுக்கு முன் அப்பா தூங்க வேண்டிய நேரத்தில் குளியலறைக் குழாய் ஓடியது. கதவைத் தட்டினேன். “இந்தக் கப்பல் போயிடட்டும் பெனி” என்றார். கதவைத் திறக்கவில்லை.

பெனிஷா


திண்டுக்கல்
11 ஆகஸ்ட் 2024

பெனிம்மா,

எங்கள் சிற்றாலயத்தில் எதற்காகப் பூசை என்ற கருத்தைச் சீட்டில் எழுதிப் பீடத்தருகே பெட்டியில் போட்டுவிடுவோம். யாரும் எடுத்து வாசிப்பதில்லை. இரண்டு வருடத்தில், மைக்கில் வாசிக்கும் நம் கோயில் வழக்கமே எனக்கு மறந்துபோயிருக்கிறது. எப்படி மறந்தேன் என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

அம்மாவுக்கு எழுதட்டுமா? மாமாவுக்கு எழுதட்டுமா? நீ சொல்லாமல் இனி ஒரு எழுத்தும் எழுத மாட்டேன். என்னைத் திட்டியாவது எழுது. அப்பா தூங்குகிறாரா? அதை மட்டுமாவது சொல்.

உன் அக்கா


இராயபுரம்
1 செப்டம்பர் 2024

மதிப்பிற்குரிய சிஸ்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அப்பா, அம்மா, நான் எல்லாரும் நலம். வால்டர் மாமாவும் நலம். எனக்குக் காலாண்டுத் தேர்வு வருவதால் இனி அடிக்கடி எழுத இயலாது. நீங்கள் வீட்டு முகவரிக்கே எழுதலாம். மறைக்க இங்கே எதுவும் இல்லை.

அப்பா தூங்குகிறாரா என்று கேட்டிருந்தீர்கள். கப்பல்கள் எல்லாம் நேரத்துக்குக் கிளம்புகின்றன.

இப்படிக்கு,
சா. பெனிஷா