குடை தேடிப் போன முயல்

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் இரண்டு பிள்ளைகளுக்கு நான் பொறுப்பு. முப்பத்தெட்டு வயதாகியும் எனக்கே நான் பொறுப்பில்லை என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் என்னிடமே விட்டுப் போயிருக்கிறாள், பாவம்.

அக்காவும் அத்தானும் காலையிலேயே கிளம்பினார்கள். வெளியூர் ஆஸ்பத்திரி. அக்காவின் இதயத்தில் ஒரு வால்வை மாற்ற வேண்டும். பிள்ளைகளிடம் "ஆபீஸ்ல டிரெயினிங்" என்று சொல்லியாயிற்று. "உளறிடாதடா. திரும்பி வந்து நானே சொல்லிக்கறேன்" என்றாள். 'திரும்பி வந்து' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றாள். நான் பையைக் காரில் வைக்கப் போய்விட்டேன். இப்படிப்பட்ட நேரத்தில் பை தூக்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

பெரியவளுக்கு ஆறு வயது. கேள்வி கேட்டே ஆளைக் கூண்டில் ஏற்றிவிடுவாள். வக்கீல் என்று பெயர் வைத்திருக்கிறேன். சின்னவனுக்கு நாலு. அவள் எதைச் சொன்னாலும் கடைசி வார்த்தையைப் பிடித்துத் திருப்பிச் சொல்வான். அவன் எதிரொலி.

அக்கா போட்டுவிட்டுப் போன சட்டம்: தினமும் மாலை ஏழரைக்குக் கதை.

ஜூன் 4, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையிலிருந்து வரும் வழியில் படக்கதைப் புத்தகம் ஒன்று வாங்கினேன். அட்டையில் சிவப்புப் படகு, படகில் ஒரு குட்டி முயல், தலையில் மாலுமித் தொப்பி. அருமை என்று எடுத்து வந்துவிட்டேன். உள்ளே புரட்டிப் பார்த்தேனா? அடுத்தவர் கண்ணுக்கு நாள் முழுக்கக் கண்ணாடி மாட்டுகிறவன், எனக்கு ஒன்று மாட்டிக்கொண்டிருக்கலாம்.

ஏழாம் பக்கம் வரை அமர்க்களம். அம்மா முயலும் குட்டி முயலும் பாட்டுப் பாடிக்கொண்டு படகில் போகிறார்கள். எட்டைத் திருப்பினேன். எட்டும் ஒன்பதும் சேர்ந்து ஒரே அலை, கறுப்பாக. அலைக்குள் அம்மா முயலின் தலையும் ஒரு கையும் மட்டும்.

இருமினேன். இருமிக்கொண்டே பத்துக்குத் தாவிவிட்டேன். பத்தில் குட்டி முயல் தனியாகத் துடுப்புப் போடுகிறது.

"அம்மா முயல் எங்க?" என்றாள் வக்கீல்.

"எங்க?" என்றது எதிரொலி.

"அது... கரையில இறங்கி வீட்டுக்குப் போயிடுச்சு."

"அப்ப குட்டி மட்டும் ஏன் போகுது?"

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "குடை காத்துல பறந்துடுச்சு. அதைத் தேடிப் போகுது."

ஒரு குடைக்காகவா சுறா, சுழல், எரிமலை எல்லாம் தாண்டும் ஒரு முயல்? நானாயிருந்தால் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போயிருப்பேன்.

ஜூன் 5, புதன்

கடையில் லென்ஸை அரைக்கும்போது நகராமல் பிடிக்க, இரண்டு பக்கமும் ஒட்டும் சின்ன வில்லை ஒன்று வைப்போம். நாலு வில்லை எடுத்து வந்து எட்டையும் ஒன்பதையும் முகத்தோடு முகம் ஒட்டிவிட்டேன். அலை உள்ளே போய்விட்டது. புத்திசாலி நான்.

"ஏழுக்கு அப்புறம் பத்தா?"

"அச்சடிச்சவர் தூங்கியிருப்பார்."

"இந்தப் பக்கம் மட்டும் ஏன் தடியா இருக்கு?"

"நல்ல காகிதம்மா அது."

வக்கீல் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பக்கத்தின் ஓரத்தை நகத்தால் தடவினாள்.

ஜூன் 7, வெள்ளி

கடைசிப் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். தீவில் அம்மா முயல் ஓடி வந்து குட்டியைக் கட்டிக்கொள்கிறது.

"வீட்டுக்குப் போன அம்மா இங்க எப்படி வந்தாங்க?"

"பஸ்ல."

"தீவுக்கா?"

"தீவுக்கா?"

பாலம் இருக்கிறது, படத்தில் விட்டுவிட்டார்கள் என்றேன். இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. சரி, சிரிக்கட்டும். இந்த வீட்டில் சிரிப்பதற்கும் ஆள் வேண்டுமே.

ஜூன் 9, ஞாயிறு

அக்காவுக்குக் காய்ச்சல். நாளைக்கு என்றிருந்த ஆபரேஷன் வியாழனுக்குத் தள்ளிப்போய்விட்டது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அத்தானிடம் ரகசியமாகப் பேசினேன். வெளியே வந்தால் வக்கீல் கதவருகே உட்கார்ந்து சாக்ஸ் மடித்துக்கொண்டிருக்கிறாள். சொல்லாமலே வேலை செய்கிறாளே, நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

புத்தகத்தில் ஏனோ பற்பசை வாடை.

ஜூன் 11, செவ்வாய்

அக்கா போனில் பேசினாள். "டிரெயினிங் எப்படிம்மா போகுது?" என்று வக்கீல் ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். "பரவாயில்லடி." "நல்லாப் படிங்க." "நல்லாப் படிங்க" என்று இவனும்.

போனை வாங்கிக் காதில் தலைகீழாக வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் பார்க்கவில்லை, நல்லவேளை.

ஜூன் 13, வியாழன்

எழுதுகிறேன். எழுத முடிகிறது.

மதியம் இரண்டு மணிக்கு உள்ளே கொண்டு போனார்கள். நாலு மணி நேரம் என்றார்கள். ஆறு ஆனது. ஆறரை. ஏழு. அத்தான் போனை எடுக்கவில்லை. நானும் எத்தனை தடவைதான் தண்ணீர் குடிப்பது?

ஏழரைக்கு வக்கீல் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

"இன்னிக்குக் கதை வேண்டாம்டா கண்ணு. மாமாவுக்குத் தலைவலி."

"இன்னிக்கு நான் படிக்கறேன். நீங்க கேளுங்க."

என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். ஏழாம் பக்கம் வரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு நகத்தால் ஓரத்தை நெம்பினாள். பட்டென்று பிரிந்தது. என் வில்லை ஒன்றுகூட இல்லை. நாலு மூலையிலும் காய்ந்துபோன பற்பசை.

"எப்ப பிரிச்சீங்க?"

"நீங்க ஒட்டின மறுநாளே. நீங்க குளிக்கப் போனப்ப."

"அப்புறம் ஏன் திரும்ப ஒட்டினீங்க?"

"உங்களுக்கு இந்தப் பக்கம்னா பயம்ல? பார்த்தா அழுவீங்கன்னு தம்பிகிட்ட சொன்னேன். கோந்து மேல் அலமாரியில இருந்துச்சு, எட்டல."

தண்ணீர் டம்ளரை எடுத்தேன், காலி.

"அம்மா டிரெயினிங் போகலன்னும் தெரியும் மாமா. ரகசியம் பேசறேன்னு நீங்க கத்தறீங்க."

"கத்தறீங்க."

அதற்குப் பிறகுதான் படத்தைச் சரியாகப் பார்த்தேன். அதே கறுப்பு அலை, அதே அம்மா முயல், அதே கை. அந்தக் கையில் இப்போது ஒரு குடை இருந்தது. நீல மெழுகுப் பென்சிலில், கோணல்மாணலாக, முயலை விடப் பெரிதாக.

"யார் போட்டது?"

வக்கீல் தம்பியைக் காட்டினாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்குத் திருப்பிச் சொல்ல வார்த்தையே இல்லை. கொஞ்ச நேரம் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

"அம்மா நனையக் கூடாதுல்ல" என்றான்.

அழுதுவிட்டேன். எழுத என்ன வெட்கம்? குழந்தை மாதிரி அழுதேன். "நான்தான் சொன்னேன்ல?" என்றாள் வக்கீல் தம்பியிடம். அவன் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டான். அவள் மீதிக் கதையையும் விடாமல் படித்தாள், சுறா, சுழல், எரிமலை எல்லாம்.

எரிமலையில் போன் அடித்தது. அத்தான். "முடிஞ்சுதுடா. நல்லா இருக்கா. பசங்களை நேரத்துக்குச் சாப்பிட வைக்கச் சொல்லிட்டுத்தான் உள்ள போனா."

சாப்பிடவில்லை. மூன்று பேருமே மறந்துவிட்டோம்.

ஜூன் 14, வெள்ளி

கடைக்கு அரை மணி தாமதம். முதலாளி ஏன் என்று கேட்டார். பற்பசை வாங்க வேண்டியிருந்தது என்றேன். உண்மைதான்.

ஜூன் 30, ஞாயிறு

அக்கா வந்து நாலு நாளாயிற்று. மெலிந்திருக்கிறாள், மாடிப்படியில் இரண்டு தடவை நின்று ஏறுகிறாள். திட்டுவதில் மட்டும் குறையில்லை. நேற்று அவள் வீட்டிலிருந்து என் சாமான்களைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கே திரும்பிவிட்டேன். அமைதி. நிம்மதி. என் படுக்கை, என் நாற்காலி, காலுக்கடியில் எந்தப் பொம்மைக் காரும் இல்லை.

ஏழு மணியானது. துணி மடித்தேன். ஏழே கால். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன்.

ஏழு நாற்பதுக்கு அக்காவின் போனிலிருந்து அழைப்பு. பேசியது வக்கீல்.

"மாமா, அம்மா புத்தகத்துல இருக்கற மாதிரியே படிக்கறாங்க. பஸ்ஸே இல்ல. பாலமும் இல்ல. நல்லாவே இல்ல."

பின்னால் அக்கா, "ஏண்டா, கடல்ல விழுந்தவளுக்கு எதுக்குடா குடை?" என்று சிரித்துக்கொண்டே கத்துவது கேட்டது. ரகசியம் பேசும் குரல் எங்களுக்குப் பரம்பரை போல.

"நீங்க வந்து சொல்லுங்க" என்றாள் வக்கீல்.

எதிரொலி கேட்கும் என்று காத்திருந்தேன்.

"சீக்கிரம் வாங்க" என்றான்.

செருப்பை மாட்டினேன். வெளியே ஒரு பொட்டு மழையில்லை. இருந்தாலும் குடையை எடுத்துக்கொண்டேன்.