புகையைக் கேட்காத சோதனை

11 செப்டம்பர் 2003

இன்றும் எரிந்துவிட்டது. பிளாஸ்டிக்கில் எஃகு இழையைக் கூட்டினால் பெட்டி மின்காந்த அலையை உள்ளேயே மடக்கிவிடுகிறது. ஆனால் தீ நிற்கமாட்டேன் என்கிறது. தீயடக்கும் பொடியைக் கூட்டினாலோ பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி நொறுங்குகிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கருவிகளுக்கான பெட்டி இது. இரண்டும் வேண்டும்.

முதலாளி செண்பகராஜ் சார், "தீபாவளிக்குள்ள முடியுமா ரேணுகா?" என்றார். முடியும் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

6 அக்டோபர்

நின்றுவிட்டது!

பாடிக்கொண்டிருந்த டிரான்சிஸ்டர் ரேடியோவைப் புதுப் பெட்டிக்குள் வைத்து மூடினோம். பாட்டு சட்டென்று நின்றது. பிறகு அதே பிளாஸ்டிக்கில் ஒரு பட்டையைத் தொங்கவிட்டுச் சுடர் காட்டினேன். சுடரை எடுத்ததும் அணைந்தது. கீழே விரித்திருந்த பஞ்சில் ஒரு சொட்டுகூட விழவில்லை. புரோமின் பொடிதான் கைகொடுத்தது. அறை முழுக்கக் கரும்புகை, கண்ணெல்லாம் எரிச்சல். ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லாரும் லட்டு தின்றோம்.

18 அக்டோபர்

மழை. இசக்கிமுருகன் அண்ணாச்சி வந்தார். கம்பெனிக்குப் பின்னால் தரிசில் குடியிருந்து ஆடு வளர்ப்பவர். ஆட்டுக் கொட்டகைக்குள் சாரல் அடிக்கிறதாம், புதுக் கலவையில் நாங்கள் வார்த்துக் கழித்துப் போட்ட பிளாஸ்டிக் தகடுகளைக் கேட்டார். கொடுத்தேன்.

"தீப்பிடிக்காதுல்லா தாயி?"

தீக்குச்சியைக் கிழித்து ஒரு மூலையில் காட்டினேன். கருகியது, அணைந்தது. அவர் மனைவி வெயிலம்மாள் மதினி, "நம்ம ரேணு செஞ்சதாக்கும்!" என்று அவரை இடித்தார். எனக்கு அது பிடித்திருந்தது. ரொம்பவே.

9 நவம்பர்

அண்ணாச்சி கொட்டகையில் புகை.

கொசுவுக்காக வேப்பந்தழை போட்டுக் கனல் சட்டி வைப்பார்கள். எப்போதும் வாசலில்தான். நேற்று மழை என்று உள்ளே, தகட்டை ஒட்டி வைத்திருக்கிறார் அண்ணாச்சி. தீப்பிடிக்காதே — நான் சொன்னேனே.

தகடு எரியவில்லை. உருகிப் புகைந்தது. ஆட்டுக்குட்டி ஒன்றுகூடத் தப்பவில்லை. குட்டிகளை இழுத்துப் போட உள்ளே ஓடிய மதினி அங்கேயே விழுந்துவிட்டார். பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

11 நவம்பர்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மதினிக்கு மூச்சு இழுக்கிறது, பேச்சு வரவில்லை. மதினியின் அண்ணன் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "கூறுகெட்டவனே, கொட்டகைக்குள்ளயா நெருப்பு வைப்ப?"

அண்ணாச்சி தலையைத் தூக்கவில்லை. "நான்தான்... நான்தான் அங்கன வச்சேன்."

வாங்கிப்போன ஆரஞ்சைக் கட்டிலோரம் வைத்துவிட்டு வந்தேன்.

12 நவம்பர்

குச்சியைக் கிழிச்சுக் காட்டுனது யாரு? நான்தானே. நான்தானே.

20 நவம்பர்

சோதனைக்கூடத்திலிருந்து சான்றிதழ் வந்துவிட்டது. கம்பெனியே கொண்டாடுகிறது. சாரிடம் கொட்டகையைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், வருத்தப்பட்டார். பிறகு சொன்னார்: "சோதனை சுடரைத்தான் கேக்குது ரேணுகா. புகையை யாரும் கேக்கல. அது என்ன ஆட்டுக்கொட்டகைக்குச் செஞ்ச பொருளா?"

பொய் இல்லை. ஆனால் எக்ஸ்சேஞ்ச் அறையிலும் ஆட்கள் இருப்பார்களே? ஏசி போட்டு ஜன்னலை அடைத்திருப்பார்களே?

30 நவம்பர்

மதினி வீட்டுக்கு வந்துவிட்டார். குரல் போய்விட்டது, வெறும் கரகரப்பு. அண்ணாச்சியோடு பேசுவதில்லையாம். சோற்றை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாராம். அவர் அதைத் தொடுவதில்லையாம்.

போனேன். நின்றுகொண்டே சொன்னேன்.

"அண்ணாச்சி, அது எரியாது, ஆனா சூடு பட்டா புகையும். எனக்குத் தெரியும். லேப்ல என் கண்ணே எரிஞ்சுது. ஒங்ககிட்ட சொல்லணும்னு தோணல. எரியாதுன்னு காட்டி மெச்சிக்கிடணும்னுதான் தோணுச்சு."

திட்டுவார், அடிக்கக்கூட வருவார் என்று நினைத்தேன். அவர் வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏட்டி, கேட்டியா? நான் இல்லையாம்! நான் இல்லையாம்ட்டி!" என்று சத்தம் போட்டு அழுதார்.

மதினி வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். அண்ணாச்சியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

17 பிப்ரவரி 2004

புரோமினை விட்டுவிட்டு பாஸ்பரஸ் பொடியில் பார்க்கிறேன். புகை பாதியாகிறது. ஆனால் எஃகு இழையோடு சேரும்போது பெட்டி விரிசல் விடுகிறது.

பழைய கலவையிலேயே முதல் லாரி இன்று போய்விட்டது. பெட்டியோடு போகும் காகிதத்தில், காற்றோட்டமில்லாத அறைக்கு ஆகாது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். சார் அந்த வரியை அடித்துவிட்டார். நான் வேலையை விடவில்லை. நான் போய்விட்டால் அடுத்த கலவையை யார் செய்வது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். நிஜமா, சாக்கா?

3 மே

பாஸ்பரஸ் பெட்டி விரிசல் விடவில்லை. உள்ளே வைத்த டிரான்சிஸ்டர் மட்டும் இன்னும் லேசாக முணுமுணுக்கிறது. சார் பார்த்துவிட்டு, "சரி, தொடர்ந்து செய்யி" என்றார். அவ்வளவுதான்.

14 ஜூன்

கேட்டில் ஆள் வந்திருப்பதாக வாட்ச்மேன் சொன்னார். போனால், மதினி. நவம்பருக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். கொட்டகையில் கட்டலாமென்று, புதூர்ச் சந்தையில் யாரோ விற்ற கறுப்புப் படுதாவில் ஒரு துண்டைக் கிழித்துக் கொண்டுவந்திருந்தார்.

"இது புகையுமா?"

அந்தக் கரகரப்பைக் கேட்கவே முடியவில்லை. முன்போல ரேணு என்று கூப்பிடவில்லை.

"தெரியல மதினி. எரிச்சுப் பாத்துத்தான் சொல்லணும்."

"பாரு."

உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. கேட்டுக்கு வெளியே சுவரோர நிழலில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார்.

நான் துண்டை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். அவசரப்படாமல், சுடர், சொட்டு, புகை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெளியே வந்தபோது நிழல் எப்போதோ நகர்ந்துவிட்டிருந்தது. மதினி வெயிலில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.