கயிறு பிடித்தவன்

அண்ணை,

இன்று காலை கரைவலைக் கயிற்றைத் தோளில் போட்டபோது ஈரத் தும்பின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. கூடவே இரத்த வாடையும் வந்தது. உங்களை நினைத்தால் எனக்கு இரண்டும் சேர்ந்துதான் வரும்.

அன்று, முகாமிலிருந்து ஊர் திரும்பி நாம் முதல் வலை போட்டிருந்தோம். வீடுகளுக்குக் கூரையில்லை, பிள்ளைகள் தறப்பாளுக்குக் கீழே. எல்லோருடைய வயிறும் அந்த ஒரு வலையை நம்பிக் கிடந்தது. பாதி இழுத்திருந்தோம். அப்போதுதான் அவன் மணலில் நடந்து வந்தான். முகாமில் முகத்தை மூடிக்கொண்டு, தலையசைத்து இராணுவத்துக்கு ஆட்களைக் காட்டிக்கொடுத்தவன் என்று ஊரே சொன்ன அவன். உங்கள் மகனை ஏற்றிக்கொண்டு போனதும் அப்படியொரு தலையசைப்பில்தான். அது அவனுடைய தலைதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று அதைப்பற்றி யாரும் யோசிக்கவில்லை.

கயிற்றை விட்டுவிட்டுப் பாய்ந்தோம். துடுப்பால் முதல் அடி என்னுடையது. பல் தெறித்து மணலில் விழுந்தது. ஒருவன் நெஞ்சில் ஏறி மிதித்தான். இன்னொருவன் தலைமயிரைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினான். அவன் கத்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வெறியேற்றியது. மீன் வெட்டும் கத்தியை யாரோ என் கையில் தந்தார்கள்.

"வலை போகுதடா."

திரும்பினால், நீங்கள் தனியாகக் குதிக்காலை மணலில் ஊன்றிக் கயிற்றோடு இழுபட்டுக்கொண்டிருந்தீர்கள். உள்ளங்கை உரிந்து சிவந்திருந்தது. கயிற்றின் வாலை அவன்மேல் எறிந்தீர்கள்.

"பிடி."

வலை தண்ணீரில் இருக்கும்வரை கயிறு பிடித்தவனை யாரும் தொடக்கூடாது, அவனுக்கும் கறிக்கு மீன் உண்டு என்பது நம் கரையின் பழக்கம். உடைந்த விரல்களோடு அவன் பிடித்தான். நான் கத்தியோடு நின்றேன்.

"நீயும் பிடியடா" என்றீர்கள். அவனுடைய இரத்தத்தில் வழுக்கிய கயிற்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன்.

மீன் பங்கிடும்போது உங்களைத்தான் ஏசினேன். "உங்கட பொடியனைக் காட்டிக் குடுத்தவனுக்கே கறிக்குக் குடுக்கிறியள்?"

நீங்கள் ஒரு பாரை மீனை அவன் முன்னால் போட்டுவிட்டுச் சொன்னீர்கள்: "என்ர பிள்ளை திரும்பி வரேக்க, நாங்கள் கொலைகாரராய் இருக்கக் கூடாது."

போன கிழமை உங்கள் சவப்பெட்டியைத் தூக்கும்போது, அன்று கயிறு பிடித்த அவன் படலைக்கு வெளியே நின்றான். ஊர்ப் பொடியள் அவனை மறித்தார்கள். உங்கள் மகன் இன்னும் வரவில்லை. மகன் தூக்கவேண்டிய முனையில் ஆளில்லை. இவனை நான் மன்னிக்கவில்லை, அண்ணை, உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் "வந்து பிடி" என்றேன்.

இன்று காலை எனக்குப் பின்னால் அவன்தான் கயிறு பிடித்தான். கறிக்கு ஒரு மீனை எடுத்தேன், கீழே வைத்தேன், திரும்ப எடுத்தேன். கொடுத்துவிட்டேன்.