என்னையே கேளுங்க சார்

அம்மாவுக்கு இளமதியின் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையைத் தவறாமல் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் அழுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கு உதவி செய்யும் அறக்கட்டளை ஒன்றில் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் கேட்டிருந்தேன். போன மாதம் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். கேள்வி கேட்க உட்கார்ந்திருந்தவர் என் காலைப் பார்த்துவிட்டு, துணைக்கு வந்த விடுதி வார்டனிடம், "இந்தப் புள்ள தனியா ஓட்டுமா?" என்று கேட்டார்.

"என்னையே கேளுங்க சார். வேலைக்குப் போக தினமும் யாராவது என்னைப் பஸ்ஸுல தூக்கி ஏத்திவிட வேண்டியிருக்கு. அது வேண்டாம்னுதான் வண்டி கேக்கறேனுங்க," என்றேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். மீதிக் கேள்விகளையெல்லாம் என்னிடமே கேட்டார்.

வண்டி வந்துவிட்டது. பழகும்போது வேகத்தடையில் ஒருமுறை விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்புதான், ஆறிவிட்டது. "ஊட்டுக்கே வந்துரு கண்ணு" என்று இனிமேல் சொல்லாதீர்கள்.

யாராவது கோவை வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். இங்கே வாங்கிய போர்வையில் தூக்கம் வருவதில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. திங்கட்கிழமை லைசென்ஸ் தேர்வு. அப்பாவைத் துணைக்கு அனுப்ப வேண்டாம். தேறியதும் நீங்கள் வாருங்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நானே வந்து உங்களை ஏற்றிக்கொண்டு போகிறேன்.

இளமதி