நூற்று எண்பத்தாறு சீட்டுகள்

4 பிப்ரவரி 2025, செவ்வாய்

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காப்பிப்பொடி அரைக் கிலோ, அப்பளம் இரண்டு கட்டு, புளி. திரும்பும் வழியில் தொண்டை டாக்டர். குரல் நாணில் முடிச்சு இருக்கிறதாம். வியாழக்கிழமை எடுத்துவிடுவார்கள். சின்ன ஆபரேஷன், மறுநாள் காலையில் வீடு. அதில் எனக்குப் பயம் இல்லை. அதற்கப்புறம் மூன்று வாரம் பேசவே கூடாது என்கிறார். கிசுகிசுப்பதும் கூடாதாம். ஜபம் பண்ணலாமா என்று கேட்டேன். "உதடு அசையாமல் பண்ணுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அம்பாள் சகஸ்ரநாமப் பாராயணம் ஆரம்பித்துப் பத்தொன்பது வருஷம். ஒரு வாரம்கூட நான் முன்னால் சொல்லாமல் நடந்ததில்லை. முடிச்சு வந்ததே அதனால்தான் என்கிறார். இவ்வளவு உரக்கச் சொல்லச் சொல்லி யார் கேட்டார்கள் என்று டாக்டருக்குச் சிரிப்பு. யார் கேட்க வேண்டும்? நான் குரலைத் தாழ்த்தினால் கோஷ்டியும் தாழ்ந்துவிடும்.

இவரிடம் சொன்னேன். "மூணே வாரந்தானா? மூணு மாசமா எழுதித் தரமாட்டாரான்னு கேட்டியோ?" என்றார். அபூர்வா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்பா, பஸ்! போதும், பாவம்" என்றாள். அப்புறம் அவளும் சிரித்தாள்.

6 பிப்ரவரி, வியாழன்

முடிந்தது. தொண்டையில் மணல் கொட்டினாற்போல. பேசவில்லை.

7 பிப்ரவரி, வெள்ளி

காலையில் வீடு. சாயந்திரம் நம் வீட்டு முறை. பன்னிரண்டு பேரும் வந்தார்கள். யார் முன்னால் சொல்வது? மாலா மாமி, "அம்பிகா சொல்லட்டுமே" என்றாள். அம்பிகாவா! எந்த நாமத்திலும் அரை நொடி பின்தங்குகிறவள். எத்தனை வருஷம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் வாயைத் திறக்க முடியாதே. தலையாட்டினேன்.

மடியில் புஸ்தகத்தை வைத்துக்கொண்டு பென்சிலால் தப்புகளைக் குறித்தேன். பதினேழு. முடிந்ததும் அம்பிகாவிடம் பட்டியலை நீட்டினேன். "சரி மாமி" என்று வாங்கிக்கொண்டாள். சுண்டல் எடுக்காமலே போய்விட்டாள்.

9 பிப்ரவரி, ஞாயிறு

பழைய தேதித்தாள்களைக் கிழித்து, நாலாக வெட்டி, கட்டி வைத்திருக்கிறேன். வேண்டியதை அதில் எழுதிக் காட்டுகிறேன். காட்டியதும் மளிகைச் சீட்டு குத்தும் கம்பியில் குத்திவிடுகிறேன். எழுதின காகிதத்தை எறிய எனக்கு மனசு வராது. பத்தாவதோடு நின்றவள். பஸ் போர்டைப் பார்த்து ஹிந்தி படித்தேன், பக்கத்து வீட்டுப் பெண்ணின் பாடப் புஸ்தகத்தை வைத்து சமஸ்கிருத எழுத்தைப் படித்தேன். எனக்கு எழுத்து என்றால் சுவாமி மாதிரி.

அபூர்வா இன்று ஆபீஸ் இல்லாமல் வீட்டில் இருந்தாள். என்னவோ, என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

13 பிப்ரவரி, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது?

கம்பி நிறைந்துவிட்டது. காலையில் இவர் வங்கிக்குப் போனதும் சீட்டுகளை உருவித் தரையில் பரப்பினேன். ஏழு நாள். பாதிவரை கண்ணை ஓட்டினேன். கையெழுத்து என்னுடையதுதான். பேசுகிறவள் யாரோ மாதிரி இருந்தது. சரி, எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணிப் பார்ப்போம் என்று வகை வகையாகப் பிரித்தேன்.

மொத்தம் 186.
இதைச் செய், அதைச் செய் — 84
அப்படி இல்லை, இப்படி — 61
நான்தான் அப்போதே சொன்னேனே — 23
கேள்வி — 11
மற்றவை — 7

கேள்வி பதினொன்றையும் மறுபடி படித்தேன். "ஏன் இன்னும் குளிக்கவில்லை?" "கேஸ் மூடினாயா இல்லையா?" "இந்தச் சட்டையோடா கிளம்பப் போகிறீர்கள்?" இதெல்லாம் கேள்வியா? ஒருத்தரிடமாவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறேனா? இல்லை.

அபூர்வாவுக்கு எழுதினவை முப்பத்தெட்டு. அதில் ஒன்றுகூட... எண்ணினதில் தப்பு இருக்கும் என்று திரும்ப எண்ணினேன். முப்பத்தெட்டும் மேல் மூன்று வகைக்குள்தான்.

காகிதம் சின்னது, சுருக்கமாகத்தான் எழுத முடியும், அதனால் அதட்டலாகத் தெரிகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அரை மணி அந்த சமாதானம் நின்றது. "காப்பி நன்றாயிருக்கிறது" என்பதும் சுருக்கம்தானே. இந்த ஏழு நாளும் இவர் காப்பி போட்டுக் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது. சர்க்கரை ஜாஸ்தி என்று இரண்டு சீட்டு இருக்கிறது.

வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். எழுதினதால் அகப்பட்டுக்கொண்டேன். ஐம்பத்தாறு வருஷத்தில் எந்தக் கண்ணாடியும் என்னை இப்படி எனக்குக் காட்டியதில்லை. தரையில் உட்கார்ந்தபடியே கைகூப்பினேன். பயமாகவும் இருந்தது. ஏதோ பெரிசாக ஒன்று வீட்டுக்குள் வந்து நிற்பது போலவும் இருந்தது.

14 பிப்ரவரி, வெள்ளி

மாலா மாமி வீட்டில் பாராயணம். பென்சில் எடுத்துப் போகவில்லை. கண்ணை மூடி உட்கார்ந்தேன்.

அம்மா! இதையா நான் பத்தொன்பது வருஷம் கேட்காமல் இருந்தேன்?

என் குரல் என் காதையே அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. பன்னிரண்டு குரல். ஒன்று மூக்கால், ஒன்று கீழ் ஸ்தாயியில், ஒன்றில் சளி. எல்லாம் ஒரு நாமத்தில் வந்து சேரும்போது கூடத்து ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. எல்லோரும் ஒன்றாக மூச்சு இழுப்பது கேட்டது. அந்த ஒரு நொடியில் யாருமே சொல்லவில்லை. அதுகூட அம்பாளின் பெயர் மாதிரியே இருந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. மாலா மாமிக்கு மூச்சிரைப்பு. ஒவ்வொரு நாமத்தின் முடிவிலும் பின்தங்குகிறாள். அம்பிகா ஓரக்கண்ணால் மாமியின் வாயைப் பார்க்கிறாள். மாமி முடிக்கும்வரை கடைசி எழுத்தை இழுத்துப் பிடிக்கிறாள். அந்த அரை நொடி அதற்குத்தான்! நான் எத்தனை வருஷமாக எல்லோர் எதிரிலும் குறை சொன்ன அரை நொடி. ஒரு நாளாவது அவள், "மாமிக்காகத்தான் நிறுத்தறேன்" என்று சொன்னாளா? மாமிக்குக் கூச்சமாகிவிடும் என்று என் திட்டை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கண்ணிலிருந்து நிற்காமல் கொட்டிற்று. "தொண்டை வலிக்கறதா மாமி?" என்று அம்பிகா கேட்டாள். தலையை எப்படி ஆட்டுவது என்றே தெரியவில்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

காலை. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அபூர்வா வந்து சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்தாள். அங்கே உட்காராதே என்று எழுதக் கை போயிற்று. எழுதவில்லை.

"அம்மா, மார்ச் ஒண்ணாம் தேதி நான் குருகிராம் ஷிஃப்ட் ஆறேன். ரூம் பார்த்தாச்சு, அட்வான்ஸ் குடுத்தாச்சு. ஆபீஸ் தூரம்னு சொல்லிடலாம்னு இருந்தேன். அது பொய்."

பென்சிலை எடுத்தேன். சீட்டுக் கட்டின்மேல் கையை வைத்துவிட்டாள்.

"எழுதாதே. கேளு. ப்ளீஸ். நீ பேச முடியாதப்பதான் எனக்குச் சொல்ல வருது."

சொன்னாள். பாதி தமிழ், பாதி ஹிந்தி. பன்னிரண்டு வயசில் மார்கழி மாசம், கோயில் ஹாலில் அவள் தனியாக ஸ்தோத்திரம் சொன்ன நாள். எனக்கும் நன்றாக ஞாபகம் உண்டு. பாதியில் ஒரு வரியை விட்டுவிட்டாள். மூன்றாம் வரிசையிலிருந்து எழுந்து, "நிறுத்து. ஒரு வரி விட்டுட்டே, முதல்லேர்ந்து ஆரம்பி" என்றேன். மறுபடி அதே இடத்தில் நின்றாள். நான் மேடையேறி மீதியைச் சொல்லி முடித்தேன்.

"எல்லாரும் கை தட்டினா அம்மா. உனக்கு. நான் பக்கத்திலேயே நின்னுண்டிருந்தேன். அதுக்கப்புறம் எதைச் செய்யறதுக்கு முன்னாலயும் உன் குரல்தான் கேக்கறது. ஆபீஸ்ல பிரசென்டேஷன் பண்றப்போகூட. நிறுத்து, முதல்லேர்ந்து ஆரம்பி. நான் டயர்டா இருக்கேன் மா. பஸ், அவ்வளவுதான்."

சமையல் மேடையிலிருந்து இறங்கிப் போய்விட்டாள். குழாய் திறந்தே இருந்தது. அரிசியெல்லாம் தொட்டியில்.

எனக்கு அந்த நாள் எப்படி ஞாபகம் என்று எழுதியே ஆக வேண்டும். நிகழ்ச்சி கெடாமல் நான் காப்பாற்றின நாள்.

17 பிப்ரவரி, திங்கள்

யாருக்காகப் பண்ணேன்? எனக்காகவா? ஸ்தோத்திரம் பாதியில நின்னா அபசாரம் இல்லையா? அவ கைகால் நடுங்கறது, நான் சும்மா உக்காந்து பாக்கணுமா? பெத்தவளுக்கு இதுகூட உரிமை கிடையாதா? பதிமூணு வருஷம் மனசில வெச்சுண்டிருந்தாளாம். சொல்லியிருக்கலாமே. என்கிட்ட சொல்லியிருக்கலாமே!

எப்படிச் சொல்வாள்? நான் எப்போது வாயை மூடினேன்?

20 பிப்ரவரி, வியாழன்

அவளுக்கு ஒரு சீட்டு எழுதப் பார்க்கிறேன். மூன்று நாளாக. ஒன்பது எழுதியாயிற்று.

"அன்று செய்தது தப்பு, ஆனால் அம்பாளுக்குக் குறை வரக்கூடாது என்றுதான்." கிழித்தேன். அம்பாள் கேட்டாளா?

"தப்புதான், ஆனால் எங்கள் அம்மாவும் என்னை அப்படித்தான் வளர்த்தாள்." அதையும் கிழித்தேன். அம்மா எனக்குச் செய்ததற்கு அம்மா பொறுப்பு. அபூர்வாவுக்குச் செய்தது நான். அங்கே அம்மா இல்லை. மூன்றாம் வரிசையில் எழுந்து நின்றது என் கால்.

ஒன்பதிலும் ஓர் 'ஆனால்' இருக்கிறது. எங்கே வைத்தாலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதை எடுத்துவிட்டால் சீட்டில் இரண்டு வரிதான் மிச்சம். அந்த இரண்டு வரியை எழுதக் கை வரவில்லை. எத்தனை ஆயிரம் நாமம் சொன்ன வாய்!

தெரியாமல் செய்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. மேடையேறும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சொல்லி முடித்தேன். கைதட்டல் இனித்தது. இதோ, எழுதிவிட்டேன்.

எழுதின பிறகு மூச்சு ஆழமாக வந்தது. தண்டனை கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைத்தது இதுதானா?

24 பிப்ரவரி, திங்கள்

இன்று ஒன்பது சீட்டு. ஐந்து கேள்வி. இவர் ஒன்றை வாங்கிப் படித்துவிட்டு, "விசாலம், நெஜமாவே என்னைத்தான் கேக்கறியா?" என்றார். முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தேன். இரண்டு வருஷமாக இருக்கிற வலி. உட்கார்ந்து விவரமாகச் சொன்னார்.

27 பிப்ரவரி, வியாழன்

டாக்டர் பார்த்தார். ஆறிவிட்டது. இந்த வாரம் முழுக்க ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் பேசலாம், மெதுவாக. அவர் முன்னால் 'ஆ' என்று சொல்லச் சொன்னார். என் குரலே இல்லை. கம்மலாக, சின்னதாக, யாரோ புதுசாகப் பிறந்த மாதிரி.

மீதி நேரத்தை ஆட்டோவில் செலவழிக்கவில்லை. இவர் ஏதேதோ கேட்டார், கையைக் காட்டினேன். மாலா மாமி போன் பண்ணினாள், இவரையே பேசச் சொன்னேன்.

ஏழே காலுக்கு அபூர்வா வந்தாள். செருப்பைக் கழற்றும் இடத்திலேயே நின்றாள். உள்ளே வரட்டும் என்று காத்திருந்தால் எனக்குத் தைரியம் போய்விடும்.

"அபூர்வா, அன்னிக்கு உன் இடத்தை நான் எடுத்துண்டேன். தப்பு என்னோடது."

அவ்வளவுதான். அதற்கு மேல் என்னிடம் நாலரை நிமிஷம் இருந்தது. நாலரை நிமிஷமும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அவள் ஒரு செருப்போடு நின்றாள். "அச்சா" என்றாள். மற்றச் செருப்பையும் கழற்றிவிட்டு, "தொண்டை வலிக்கப் போறது, வெந்நீர் குடி" என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அவள் சொல்ல வேண்டும் என்று நான் காத்திருக்கிறேனா? பார்த்தேன். கொஞ்சம் காத்திருக்கிறேன். அதுவும் என்னுடையதுதான். அவள் தலையில் வைக்கக் கூடாது.

28 பிப்ரவரி, வெள்ளி

"மாமி, நீங்க வந்தாச்சு, இனிமே நீங்களே சொல்லுங்கோ" என்று அம்பிகா புஸ்தகத்தை நீட்டினாள். நீயே சொல்லு என்றேன். ஐந்து நிமிஷத்தில் மிச்சத்தை அவளை வாசலுக்கு அழைத்துப் போய்ச் செலவழித்தேன். அந்த அரை நொடிக்காக மன்னிப்புக் கேட்டேன். "அய்யோ, அதைப் போய்! மாலா மாமி காதுல விழுந்துடப் போறது" என்று என் வாயைப் பொத்தினாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

1 மார்ச், சனி

டெம்போ பதினொன்றுக்கு வந்தது. அபூர்வா பாத்திரத்தையும் புஸ்தகத்தையும் ஒரே பெட்டியில் போட்டாள். போகட்டும்.

வீடு ரொம்பப் பெரிசு.

9 மார்ச், ஞாயிறு

போன் இல்லை. நானும் பண்ணவில்லை. எடுத்து எடுத்து வைத்தேன்.

16 மார்ச், ஞாயிறு

சாயந்திரம் ஆறு இருபதுக்கு போன். அபூர்வா.

எடுத்ததும் ஆரம்பித்துவிட்டாள். ரூம்மேட் பெண், அபினவ் என்கிற பையனோடு சண்டை போட்டுவிட்டு இவள் தோளில் அழுதாளாம். ஹோலியன்று பால்கனியில் காயப்போட்ட குர்த்தா பூராவும் பச்சையாம். ஆபீஸில் பெரிய அதிகாரிகள் எதிரே பேசும்போது நடுவில் ஒரு பக்கத்தையே விட்டுவிட்டாளாம். "அப்புறம்?" என்றேன். "அப்புறம் என்ன, விட்டுட்டேன்னு சொல்லிட்டு அதுக்கப்புறம் அதைச் சொன்னேன். யாருக்குமே ஒண்ணும் ஆகலை மா!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனை வருஷம்? பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"அம்மா, லைன்ல இருக்கியா? போரடிக்கறேனா?"

"இல்லைடி. இன்னும் சொல்லு."

சொன்னாள். வெளியே இருட்டிவிட்டது. இவர் அறைவாசலில் வந்து நின்று, சுவாமி அலமாரியைக் கண்ணால் காட்டினார். ஆறரைக்கு விளக்கேற்றாமல் இந்த வீட்டில் ஒரு நாள் போனதில்லை, எனக்கு ஜுரம் வந்தபோதுகூட. கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னேன்.

ஏழு பத்துக்கு அவளே வைத்தாள். அதற்கப்புறம்தான் திரி போட்டேன். சுடர் எழும்பினதும் அம்பாள் முகத்தைப் பார்த்தேன். நாற்பது நிமிஷம் தாமதம்.

அம்பாள் குறை சொல்லவில்லை.