அனுமதி இல்லாமல் அள்ளிய சேறு

வில்கோவோ
22 பிப்ரவரி 2004, மன்னிப்பு ஞாயிறு

அன்புள்ள நிகிஷா,

தலை தாழ்ந்த வணக்கம். பக்கத்து வீட்டு அனீசியாவும் அவள் புருஷனும் வணக்கம் சொல்லச் சொன்னார்கள். பூனை ஒன்றும் சொல்லவில்லை, அது உன்னை மறந்துவிட்டது.

நாளை நோன்பு தொடங்குகிறது. இன்று எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கும் நாள் அல்லவா, காலையிலிருந்து வாய்க்கால் நெடுக வீடு வீடாகப் போய்க் குனிந்து கேட்டுவிட்டு வந்தேன். கட்டின புருஷனிடம் கேட்பதற்கு மட்டும் தபால்தலை ஒட்ட வேண்டியிருக்கிறது. ஆறு வருஷமாக ஒட்டுகிறேன். என்னை மன்னித்துக்கொள். நானும் உன்னை மன்னித்தேன், இந்த வருஷத்துக்கு.

விஷயத்துக்கு வருகிறேன். கீவிலிருந்து வரும் பயணக் கப்பல், ஒடேசாவில் நின்றுவிட்டு, மே மாதம் முதல் நம் ஊருக்கும் வரப்போகிறது. பெரிய கப்பல் டான்யூபில் நிற்கும். ஆட்களைச் சின்னப் படகுகளில் ஏற்றி வாய்க்கால்களுக்குள் கூட்டி வருவார்கள். கலீனா என்ற வழிகாட்டிப் பெண் பாதை பார்க்க வந்திருந்தாள். நம் வாய்க்கால் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. "இங்க ஒரு சத்தமும் இல்லையே! இதத்தான் அவங்க காசு குடுத்துப் பாக்க வராங்க" என்றாள். சத்தம் போட ஆள் இல்லை என்பதை நான் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆனால் நான் இருக்கும் வீட்டுக்கு அடுத்த உன் அப்பா வீட்டு வாசல் வாய்க்காலில் படகு சேற்றில் தட்டி நின்றுவிட்டது. நீ போனதிலிருந்து அங்கே யார் தூர் வாரினார்கள்? கலீனா காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மே மாசத்துக்குள்ள இத சரி பண்ணிடுங்கம்மா. எங்க ஆளுங்களுக்கு உங்க வீட்டுலயும் அனீசியாம்மா வீட்டுலயும் மதிய சாப்பாடு போட்டுடலாம். இல்லேன்னா அடுத்த வாய்க்காலுக்குப் போயிடுவேன், கோவிச்சுக்காதீங்க."

அவரவர் வாசல் தூரை அவரவர்தான் வார வேண்டும், உனக்குத் தெரியாததல்ல. உன் வாசல் வண்டல் உன் தோட்டத்துக்குப் போக வேண்டிய மண். அதில் ஒரு தூர்க் கரண்டி எடுத்தாலும் திருட்டு. அதனால் நீயே வா. வர முடியாவிட்டால் "அள்ளிக்கொள்" என்று ஒரு வரி எழுது. கப்பல் ஆட்கள் வரவில்லை என்றால் அனீசியா குடும்பம் பனிக்காலத்துக்கு முன்பே இஸ்மயில் நகரத்துக்குக் கிளம்பிவிடும். அப்புறம் வாய்க்கால் கோடியில் நான் ஒருத்தி. ஒருத்தியால் தண்ணீரைத் திறந்து வைக்க முடியாது. தண்ணீர் நின்றுபோனால் நானும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். எனக்குப் போக இஷ்டமில்லை.

உன் உஸ்தீனா


ஒடேசா
7 மார்ச் 2004

அன்பு உஸ்தீனா,

உன்னை மன்னித்தேன். ஒரு வருஷத்துக்காவது என்னை மன்னித்தாயே, அதற்கும் நன்றி. இங்கே துறைமுகத்தில் காற்று ஆளைத் தள்ளுகிறது. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஐந்தாம் மாடிக்கு ஏறி வந்து குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டுகிறது, அதில் காலை வைத்துக்கொள்கிறேன். ஜன்னல் ஓரத்தில் இரண்டு பெட்டியில் மண் நிரப்பி வைத்திருக்கிறேன். நீ வந்தால் வெங்காயம் நடலாம்.

மீன் கூட்டுறவை மூடிய அன்றே சொன்னேன், எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கிளம்பலாம் என்று. நீ கேட்கவில்லை. இப்போது அப்பா வீட்டை வாங்க ஓர் ஆள் வந்திருக்கிறான், இஸ்மயில்காரன். கோடைக்கு வந்து தங்க வீடு கட்டப் போகிறானாம். வாசல் தண்ணீரில் மணலைக் கொட்டி மேடாக்கி, கார் வந்து நிற்க வழி செய்வானாம். ஆகஸ்டில் கையெழுத்து. மூடப்போகிற இடத்தில் தூர் வாரி என்ன ஆகப்போகிறது?

அனுமதி தரமாட்டேன், உஸ்தீனா. அந்தத் தோட்டம் முழுக்க என் அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று கரண்டி கரண்டியாக எடுத்துப் போட்ட மண். அதை இன்னொருவர் தொடுவது எனக்குப் பிடிக்கவில்லை. உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நீ இங்கே வந்துவிடு. தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்கு வாய் கசந்துபோயிற்று.

நிகிஃபோர்


வில்கோவோ
14 ஏப்ரல் 2004, ஈஸ்டர் கழிந்த புதன்

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார், நிகிஃபோர்.

பண்டிகைக்கு மூன்று முத்தம் தர வேண்டும். உன் கடிதத்தைப் படித்த பிறகு ஒன்றுதான் தர மனசு வருகிறது. உன் அப்பா மண்ணை நான் தொடக்கூடாது, இஸ்மயில்காரன் மணலைக் கொட்டி மூடலாம். நல்ல நியாயம்! பெட்டியில் வெங்காயம் நட நான் வரமாட்டேன். ஒவ்வொரு கடிதத்திலும் இதைக் கேட்காதே. உனக்கும் மை மிச்சம், எனக்கும் வருத்தம் மிச்சம்.

நான் வாரிவிட்டேன். பனிக்கட்டி கரைந்ததுமே மாமனாரின் நீளக் காம்புத் தூர்க் கரண்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். உன் பழைய ரப்பர் பூட்ஸுக்குள் வைக்கோலைத் திணித்துப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். நோன்புக் காலம், எண்ணெய்கூடக் காட்டாத முட்டைக்கோஸ்தான் சாப்பாடு. இடுப்பு விட்டுப்போயிற்று. அனீசியா பலகைப் பாதையில் நின்றுகொண்டு ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்.

"அடியே உஸ்தீனா, நோம்பு நாளும் அதுவுமா அடுத்தவன் சேத்தத் திருடுறியே, வெக்கமா இல்ல?"

"எம் புருஷன் சேறுடி!"

"புருஷன் ஒடேசாவுல, சேறு மட்டும் இங்கயா? அவன் அள்ளிக்கன்னு சொன்னானா?"

"சொல்லல."

"அப்ப திருட்டுத்தான்!"

சிலுவைக் குறி போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள். உனக்காகவும்தானடி வாருகிறேன் என்று வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் திருட்டில் அவளுக்கும் பங்கு வந்திருக்கும். பாதிரியார் என்னைக் கோயிலில் கடைசி வரிசையில் நிற்கச் சொன்னார். ஈஸ்டர் வரைக்கும் அங்கேயே நின்றேன். இனி கலீனாவின் படகு தட்டாமல் போகும். சேறு எங்கே போயிற்று என்று கேட்டு எழுதாதே. வந்து பார்.

உஸ்தீனா


ஒடேசா
16 மே 2004

மதிப்பிற்குரிய உஸ்தீனா பெத்ரோவ்னா அவர்களுக்கு,

தாங்கள் செய்த காரியம் ஒடேசா துறைமுகம் வரைக்கும் நாறுகிறது. கப்பல் சமையல்காரன் போஹ்தான் என்னைத் தேடி வந்து சொல்கிறான்: "அண்ணே, உங்க வீட்டம்மா உங்க சேத்த அள்ளிட்டாங்களாம், ஊரே பேசுது! ஆனா அவங்க வெக்கிற மீன் சூப்பு இருக்கே, அடடா!" கிரேன் அடியில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

உங்கள் தோட்டம் எங்கள் தோட்டத்தைவிட ஒரு முழம் பள்ளம் என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்களுக்கு ஆற்றாமை. இப்போது சமமாகிவிட்டதாக்கும். நான் இல்லாத நேரம் பார்த்து என் அப்பாவின் வாசலிலேயே கை வைக்க உனக்கு எப்படி மனசு வந்தது?

அடுத்த மாதம் நானே வந்து பார்க்கப் போகிறேன். எத்தனை கரண்டி போயிருக்கிறது என்று உன் தோட்ட மேட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

நிகிஃபோர் எஃபீமொவிச்


ஒடேசா
21 ஜூன் 2004

உஸ்தீனா,

வந்தேன். நீ பார்த்தாய். ஆனாலும் எழுதுகிறேன், நேரில் சொல்ல முடியவில்லை.

போஹ்தானுக்கு உருளைக்கிழங்கு உரித்துக் கொடுத்துக் கப்பலில் இடம் பிடித்தேன். நம் பழைய சமயத்தில் எடுக்கவே கூடாத தாடியை நான் எடுத்து நாலு வருஷம் ஆயிற்று, போதாததற்கு அவனுடைய வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும். யாருக்கும் அடையாளம் தெரியாது என்ற தைரியத்தில் கீவ்காரர்கள் ஏறிய படகில் கடைசி ஆளாக உட்கார்ந்துகொண்டேன். விலை கொடுத்துப் பார்க்க வந்தவர்களோடு சேர்ந்து நானும் என் சொந்த ஊரைப் பார்த்தேன். எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். துடுப்புச் சத்தமும் தவளைச் சத்தமும்தான். ஒரு கிழவர் "இங்கயே இருந்துடலாம் போல" என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

அப்பா வீடு வந்தது. கலீனா எழுந்து நின்றாள்.

"இந்தத் தோட்டத்துக்காரரு ஒடேசாவுல வேலை பாக்குறாரு. ஆனா பாருங்க, எவ்வளவு அக்கறையா வெச்சிருக்காருன்னு! வாசல்ல தூரு இல்ல, மண்ணு புதுசு, ஸ்ட்ராபெரி வரிசை தப்பாம நிக்குது. ஊர விட்டுப் போனாலும் மண்ண விடாத மனுஷன்."

என் பக்கத்தில் இருந்த அம்மாள் பெருமூச்சு விட்டாள். "ஆம்பளன்னா இப்படி இருக்கணும். எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே!"

நான் தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டேன். திருட்டைக் கணக்குப் பார்க்க வந்தவன், உஸ்தீனா. உன் தோட்டத்தைப் பார்த்தேன். அதே பள்ளம், வெங்காயப் பாத்தியில் தண்ணீர் நிற்கிறது. அள்ளிய மண் ஒரு பிடிகூட அங்கே போகவில்லை. எல்லாம் என் அப்பா மண்ணின் மேலேயே கிடக்கிறது. அதில் உன் செடிகளைக் கொத்தோடு பெயர்த்து வந்து நட்டிருக்கிறாய்.

பிறகு சாப்பாடு. உன் வீட்டுத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். என் முன்னால் அயலார் கோப்பையை வைத்தாய். வெளியாள் குடித்த கோப்பையில் நம்மவர்கள் குடிப்பதில்லை, வெளியாட்களின் கோப்பைகளுக்கென்று தனி அலமாரி. அந்த அலமாரியை அடித்ததே நான்தான். "ரொட்டி வேணுமா?" என்று கேட்டாய், மற்றவர்களிடம் கேட்ட அதே குரலில். "வேணாம்" என்றேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு நாம் பேசிக்கொண்டது அவ்வளவுதான். கப்பல் சங்கு ஊதியது. படகில் ஏறிவிட்டேன்.

நான் இறங்கி நின்றிருப்பேன். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

நிகிஃபோர்


வில்கோவோ
30 ஜூன் 2004

நிகிஷா,

படகு வளைவில் திரும்பும்போதே தெரிந்துவிட்டது. உலகத்தில் எத்தனை தொப்பி போட்டாலும் அப்படிக் கூனிக்கொண்டு உட்காருகிறவன் நீ ஒருவன்தான்.

கோப்பைக்கு வருத்தப்படுகிறாயா? டிக்கெட்டுக்காரர்களோடு வந்தாய், டிக்கெட்டுக்காரர்களின் கோப்பை கிடைத்தது. மழமழவென்று சிரைத்த முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்காரன் கோப்பையை எதிர்பார்த்தாயா? வீட்டுக்காரன் தன் படகில் வருவான், சங்கு ஊதியதும் எழுந்து ஓட மாட்டான்.

நான் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம்! ஆறு வருஷத்துக்கு முன்னால் படகுத் துறையில் நின்று "போகாதே" என்று சொன்னேன். ஊரே கேட்டது, நீதான் கேட்கவில்லை. அதே வார்த்தையை இரண்டாம் தடவை சொல்ல என்னால் ஆகாது.

நீ போன பிறகு பாத்திரம் கழுவினேன். உன் தட்டில் மீன் முள்ளையெல்லாம் ஓரமாக அடுக்கி வைத்திருந்தாய், பழைய மாதிரியே. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அனீசியா கேட்டாள்: "யாருடி அந்த மொட்ட மூஞ்சி, ரெண்டு தட்டு தின்னுட்டு உம்முன்னு உக்காந்திருந்தானே?" யாரோ ஒடேசாக்காரன் என்றேன்.

நீ வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒன்றை மட்டும் நீ சொல்லவில்லை. விற்கப் போகிறாயா, இல்லையா? விற்றால் விற்றுக்கொள், வீடு உன் பேரில் இருக்கிறது. மணல் தோணி வந்தால் என் படகைக் குறுக்கே கட்டி அதில் உட்கார்ந்துகொள்வேன். என்னைத் தாண்டித்தான் ஒரு கூடை மணல் தண்ணீரில் விழும். இதை உன் இஸ்மயில்காரனிடமும் சொல்லிவை.

உஸ்தீனா


வில்கோவோ, உன் பக்கத்து வீடு
5 செப்டம்பர் 2004

நிகிஃபோர்,

இந்தக் கடிதத்தை அனீசியா கையில் கொடுத்தனுப்புகிறேன், தபால்தலை தேவையில்லை. சிரித்துக்கொண்டே கொண்டுவருவாள், கண்டுகொள்ளாதே.

ஜூலையில் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஆகஸ்ட் முழுக்க மணல் தோணிக்காகக் காத்திருந்தேன். என் படகைக் குறுக்கே கட்டியே வைத்திருந்தேன். கப்பல் ஆட்கள் வரும்போது அவிழ்ப்பேன், அவர்கள் போனதும் மறுபடி கட்டுவேன். தோணி வரவில்லை. போன வியாழக்கிழமை உன் அப்பா வீட்டுப் புகைபோக்கியில் புகை எழுந்தது. இஸ்மயில்காரன் குடியேறிவிட்டான் என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வேலி வரைக்கும் வந்துவிட்டேன். ஜன்னலில் பார்த்தால் நீ அடுப்பை ஊதிக்கொண்டிருக்கிறாய். கன்னத்தில் தாடி முளைத்திருக்கிறது, பாதி நரை. ஓசைப்படாமல் திரும்பி வந்து, துடைப்பத்தைக்கூடக் கீழே வைக்காமல் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். ஆறு வருஷத்தில் சந்தோஷத்துக்கு அழுதது அன்றைக்குத்தான்.

அப்புறம் தினமும் நீ தண்ணீரில் இறங்குகிறாய், நான் திரைக்குப் பின்னால் நிற்கிறேன். நீ வாய் திறக்கவில்லை. நான் ஏன் திறக்கவில்லை என்று உனக்கே தெரியும். அனீசியாவுக்குப் பொறுக்கவில்லை.

"போய்ப் பேசேண்டி!"

"வந்தவன் பேசட்டும்."

"ரெண்டு பேரும் இப்படியே வீம்பு புடிச்சு நின்னீங்கன்னா வாய்க்காலே உறைஞ்சு போயிடும்!"

இன்று காலை உன் வாசலை வாரி முடித்தாய். எல்லைக் கம்பு வரைக்கும் வந்தவன் அங்கேயே நின்றுவிட்டாய். ஒரு சாண் தாண்டவில்லை. கரண்டியை ஊன்றிக்கொண்டு என் வாசல் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் சேற்றை வாரியதில் போன இடுப்பு இன்னும் எனக்குத் திரும்பவில்லை, அதனால் என் வாசல் அப்படியே கிடக்கிறது.

நான் உன்னிடம் கேட்டேன், நீ தரவில்லை. நீ கேட்கவில்லை, நான் தருகிறேன். என் வாசல் வண்டலை நீ அள்ளலாம். நாளைக்கும், வருகிற வசந்தத்திலும், உன் உடம்பில் தெம்பு இருக்கும் வரைக்கும் அள்ளலாம். அள்ளியதை எந்தத் தோட்டத்தில் போடுகிறாய் என்று நான் பார்க்க மாட்டேன்.

பதில் எழுதிக்கொண்டு உட்காராதே. சூப் ஆறிவிடும்.

உஸ்தீனா